பழுதும் பொறுப்பும்

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக மேலேறும் பாதை தெல்தோட்டையைச் சென்றடைகிறது. அதனை அடுத்துள்ளது லூல்கந்துரத் தோட்டம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலைக்கு அதுவே பிறப்பிடம். அதே 1867ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. எனினும், நாம் இங்கு ஆராயப் புகும் கேள்விக்கு இரண்டுமே வேண்டியிருக்கின்றன. ஒரு பொருள் பயனற்றுப் போயிற்று என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அத்தீர்ப்பை மறுத்து, அப்பொருளைத் திருத்தி மீண்டும் உழைக்க வைப்போமாயின், அதனால் விளையும் நன்மை யாருக்கு, ஆபத்து யாருக்கு?

கேள்வி வெறும் தத்துவ விசாரம் அன்று. மின்சார மோட்டார் வண்டிகளிலும், கலப்பு மோட்டார் வண்டிகளிலும், மடிக்கணினிகளிலும் உழைத்துக் களைத்த லித்தியம் பற்றறிகள் இன்று நம் நாட்டில் குவிந்துவருகின்றன. அவற்றைப் பிரித்து, நல்ல கலங்களைத் தேர்ந்து, வீட்டு மின்சாரச் சேமிப்புக்கு ஏற்றவாறு மறுபடி கோத்தெடுக்கும் தொழில் உலகெங்கும் வளர்ந்து வருகிறது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு, இத்தொழில் அந்நியமானதாகத் தோன்றவேண்டிய காரணம் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது, விளக்கு எரிவதே ஒரு வர்க்கப் பிரச்சினை என்பதை உழைக்கும் மக்கள் எவரும் சொல்லாமலே உணர்ந்துகொண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைச் சிதைத்தபோது, கம்பி அறுந்த இடங்களில் ஒரு கைத்தொலைபேசிக்கு உயிரூட்டும் அளவு மின்சாரமும் உயிர் காக்கும் பொருளாயிற்று.

முதலில் பொருளின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். நிசான் லீஃப் என்ற மின்சார வண்டியின் தொடக்ககாலப் பற்றறியை உதாரணமாகக் கொள்ளலாம். அது 24 கிலோவாட் மணி மின்சாரத்தைத் தாங்கும் பெட்டி. அதனுள் 48 தொகுதிகள். தொகுதி ஒன்றுக்கு நான்கு கலங்களாக மொத்தம் 192 கலங்கள். புதிதாக இருக்கையில் ஒரு தொகுதி ஏறத்தாழ 500 வாட் மணியைக் கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவு குறைகிறது. எழுபது வீதத்துக்கும் கீழே இறங்கியதும் வண்டி ஓடும் தூரம் சுருங்கிவிடுகிறது. 'பற்றறி முடிந்தது' என்று சொல்லிவிடுகிறார்கள்.

முடிந்தது எது? வண்டியை ஓட்டும் தகுதி முடிந்தது. ஆனால், 60 வீதத்துக்குத் தேய்ந்த ஒரு தொகுதியில் இன்னும் 300 வாட் மணி தங்கியிருக்கிறது. ஒரு லயக் காம்பராவின் இரவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 9 வாட் விளக்குகள் மூன்று, ஐந்து மணி நேரம் எரிய 135 வாட் மணி. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு 30. சிறிய தொலைக்காட்சிப் பெட்டி மூன்று மணி நேரம் இயங்க 120. மொத்தம் 285. வண்டிக்கு உதவாது என்று கழிக்கப்பட்ட 48 தொகுதிகளில் ஒன்று, ஒரு குடும்பத்தின் ஓரிரவுக்கு ஏறத்தாழப் போதுமானது. குடும்பத்துக்கு இரண்டு தொகுதிகள் என்று தாராளமாக ஒதுக்கினாலும், ஒரே வண்டியின் பற்றறி 24 காம்பராக்களுக்கு ஒளி தரும். இரட்டை லயன் ஒன்றில் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் இதனை ஒட்டியதே.

இந்தக் கணக்கு நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கிறது. 'பயனற்றது' என்பது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் குணம் அன்று. ஒரு குறிப்பிட்ட தேவையின் நிலையிலிருந்து சொல்லப்படும் சொல். மார்க்ஸ் தமது நூலில் இயந்திரத்தின் தேய்மானத்தை ஆராயும்போது, உழைப்பினால் வரும் தேய்மானத்துடன் வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறார். இயந்திரம் சிறிதும் பழுதடையாதிருக்கும். ஆயினும், அதனினும் மலிவான அல்லது மேலான புதிய இயந்திரம் சந்தைக்கு வந்துவிட்டால், பழையது தன் மதிப்பை இழந்துவிடும். இதற்குத் தார்மிகத் தேய்மானம் என்று அவர் பெயரிட்டார். இரும்பு தேயவில்லை, சந்தையின் கண்ணில் அதன் மானம் தேய்ந்துவிட்டது.

முதலாளித்துவம் இத்தேய்மானத்துக்காகக் கைகட்டிக் காத்திருப்பதுமில்லை. 1924ஆம் ஆண்டில் ஃபீபஸ் என்ற பெயரில் உலகின் பெரிய மின்குமிழ்க் கம்பனிகள் கூட்டுச் சேர்ந்து, குமிழின் ஆயுளை 1000 மணி நேரத்துக்குக் கட்டுப்படுத்திக்கொண்ட வரலாறு யாவரும் அறிந்ததே. நெடுநாள் எரியும் குமிழைச் செய்ய அவர்களுக்குத் தெரியாமலில்லை. செய்வதில் இலாபம் இல்லை. இன்று பற்றறியைக் கைத்தொலைபேசிக்குள் பசையிட்டு ஒட்டிவிடுவதும், வேறு பற்றறியைப் பொருத்தினால் ஏற்க மறுக்கும்படி கருவிக்குக் கட்டளை எழுதிவைப்பதும் அதே குலத்தின் புதிய பிள்ளைகள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றறிச் சட்டம், சிறிய கருவிகளின் பற்றறியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக 2027 பெப்ரவரி முதல் அமைக்கவேண்டும் என்று விதித்தது. கழற்றும் உரிமையைச் சட்டம் இயற்றித்தான் பெறவேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே, அது எவ்வளவு முழுமையாகப் பறிக்கப்பட்டிருந்தது என்பது விளங்கும்.

ஆகவே திருத்துதல் ஓர் அறச்செயல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு கலத்திலும் மனித உழைப்பு உறைந்து கிடக்கிறது. சிலி நாட்டின் அத்தகாமா உப்புவெளியில் நிலத்தடி உவர்நீரை வெயிலில் வற்றவைத்து லித்தியம் எடுக்கிறார்கள். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் மண் சுமப்பதை 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை உலகுக்கு எடுத்துக்காட்டியது. அக்குழந்தையின் முதுகில் ஏறி வந்த உலோகத்தை, அதன் ஆயுளில் பாதி மிஞ்சியிருக்கும்போதே குப்பையில் வீசுவது, அந்த உழைப்பை இரண்டாம் முறை அவமதிப்பதாகும். இதை நாம் முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், அறம் இவ்வளவோடு முடிந்துவிடவில்லை. இங்கேதான் அது தொடங்குகிறது.

லித்தியம் கலம் பழைய ஈயப் பற்றறியைப் போன்ற பொறுமைசாலி அன்று. தொடராகக் கோத்த கலங்களில் ஒன்று நலிந்தாலும், தொகுதி முழுவதும் அந்த நலிந்த கலத்தின் அளவுக்கே உழைக்க முடியும். அளவுக்கு மேல் ஏற்றினால் கலம் சூடேறும். அளவுக்குக் கீழே வடிந்து நெடுநாள் கிடந்த கலத்தினுள் செப்பு கரைந்து படிந்திருக்கும். அதை மறுபடி ஏற்றினால் உள்ளேயே குறுக்குச் சுற்று நேரலாம். ஒரு கலம் பற்றிக்கொண்டால் அச்சூடு அடுத்ததைப் பற்றும். எழும் புகை நஞ்சு. காற்றை மறித்தாலும் நெருப்பு தணியாது. ஏராளமான நீரால் குளிரவைத்தாலும் சிலவேளை மணிக்கணக்கின் பின் மீண்டும் மூளும். ஆகையால், கலம் ஒவ்வொன்றின் கொள்ளளவையும் அளக்கவேண்டும், உட்தடையைச் சோதிக்கவேண்டும், ஏற்றிய பின் சில வாரங்கள் சும்மா வைத்து, தானாகவே வடிகிறதா என்று பார்க்கவேண்டும், ஒத்த கலங்களை ஒன்றாகச் சேர்க்கவேண்டும், ஒவ்வொரு கலத்தின் வோல்ட் அளவையும் கண்காணித்து, எல்லை மீறும்போது இணைப்பைத் துண்டிக்கும் காவற்சுற்றைப் பொருத்தவேண்டும். இவையெல்லாம் நேரம், நேரமெல்லாம் கூலி. மலிவுப் போட்டியில் முதலில் பலியாவது இந்தச் சோதனையே.

இப்போது லயனைப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள், மரச்சட்டமும் தகரமும், அடுக்களையில் விறகு. மின்கசிவினால் லயன் தீக்கிரையாயிற்று, இத்தனை குடும்பங்கள் நடுத்தெருவில் என்ற செய்தி மலையகத்துப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தனி வீட்டில் வாழ்பவன் துணிந்து ஒரு பரிசோதனையைச் செய்தால் அவன் தன் வீட்டைப் பணயம் வைக்கிறான். லயனில் ஒருவன் அதைச் செய்தால், தான் கேட்டறியாத இருபது குடும்பங்களைப் பணயம் வைக்கிறான். அவன் கெட்டவன் என்பதனால் அன்று. அவன் வாழும் கூரை அப்படிப்பட்டது.

இந்நிலையில் இருவகைப் பதில்கள் நம் காதில் விழுகின்றன. ஆபத்தானது, ஆகையால் தடைசெய் என்பது ஒன்று. இது பொறுப்பான பேச்சுப்போல ஒலிக்கிறது. ஆனால், தடை யாரைத் தொடும்? புதிய பற்றறியைப் பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கக்கூடியவரைத் தொடாது. மின்வெட்டில் குப்பி விளக்கைத் தேடுபவனைத்தான் தொடும். மண்ணெண்ணெய் விளக்கு தட்டிவிழுந்து கருகிய குழந்தைகளின் ஆபத்தை எந்தத் தடையுத்தரவும் கணக்கில் சேர்ப்பதில்லை. பழகிய ஆபத்து ஆபத்தாகவே தோன்றுவதில்லை. அன்றியும், தடைசெய்த தொழில் மறைவதில்லை, பின்கட்டுக்குப் போய்விடும். அங்கே சோதனையும் இல்லை, கேள்வியும் இல்லை.

சந்தையிடம் விட்டுவிடு, வாங்குபவன் பார்த்து வாங்கட்டும் என்பது மற்றப் பதில். மூடிய பெட்டிக்குள் 192 கலங்களில் எது நலிந்தது என்பதை எந்தப் பாவனையாளன் பார்த்து வாங்குவான்? 'பழைய பொருள்' என்ற பெயரின் கீழ் என்னென்ன வரலாம் என்பதை நம் நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. மறுபயன்பாட்டுக்கான பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த கொள்கலன்களில் மருத்துவமனைக் கழிவுகள் இருந்தன; 2020க்கும் 2022க்கும் இடையில் அவை திருப்பி அனுப்பப்பட்டன. செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்கு அருகே, பழைய ஈயப் பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்த ஓர் ஊரில், 2007 இறுதிக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் ஈய நஞ்சினால் மடிந்தன. தாய்மார் செய்ததும் ஒருவகையில் மறுபயன்பாடுதான். பொருளின் எஞ்சிய பயனும் அதன் எஞ்சிய நஞ்சும் ஒரே பெட்டியில்தான் வருகின்றன. சந்தை பயனுக்கு விலை போடுகிறது. நஞ்சை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

நம் தோழர்களில் சிலர் எழுப்பும் மூன்றாவது குரலையும் நாம் அலட்சியம் செய்யக்கூடாது. பணக்காரன் ஓட்டிக் களைத்த பற்றறி தொழிலாளிக்கா, எச்சில் இலையை வழித்துக் கொடுப்பதற்குப் பெயர் முற்போக்கா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கோபம். ஆயினும், கோபம் பொருளின் மேல் பாய்வது பிழை. ஆம்ஸ்டர்டாம் நகரின் யோகான் கிரைஃப் விளையாட்டரங்கில் 2018ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெரிய மின்சேமிப்பு நிலையத்தில், மேலே சொன்ன லீஃப் வண்டிகளின் பாவித்த பற்றறிகளும் புதிய பற்றறிகளோடு சேர்ந்து உழைக்கின்றன. செல்வம் கொழிக்கும் அவ்வரங்கு தன்னை எச்சில் தின்றதாக நினைக்கவில்லை. ஏன்? அங்கே பொறியியலாளர் சோதித்தனர், தீக்காப்பு உண்டு, தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஒரு பெயரும் முகவரியும் உண்டு. பாவித்த பொருளில் இழிவு இல்லை. சோதிக்காத பொருளை, பதில் சொல்ல ஆளில்லாமல், வேறு வழியற்றவன் கையில் திணிப்பதில்தான் இழிவு இருக்கிறது. இதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. துரையின் பங்களாவில் வைக்கத் தகுந்தது என்று எதைத் துணிந்து சொல்ல முடியுமோ, அதையே லயனுக்கும் சொல்லவேண்டும்.

மேலும் ஓர் ஆபத்தையும் சுட்டவேண்டும். அது உவமையின் ஆபத்து. கழிக்கப்பட்ட பற்றறியையும் கழிக்கப்பட்ட தொழிலாளியையும் ஒப்பிட்டு எழுதுவது நம்மவர்க்கு இலகு. மலையகத்தின் வரலாறே அதற்கு இடம் கொடுக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பல இலட்சம் மக்களை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. லூல்கந்துரவின் ஜேம்ஸ் டெய்லரும்கூட, 1892இல் தோட்டக் கம்பனியால் விலகும்படி பணிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே இறந்தார். ஆளும் இனத்தவருக்கே அந்த நீதி என்றால், கொழுந்து பறித்த கைகளுக்கு என்ன நீதி கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எனினும், உவமையை ஓரிடத்தில் நிறுத்தியாகவேண்டும். பற்றறியைக் காக்கவேண்டும் என்று நாம் வாதிடும்போது, 'அதில் இன்னும் பயன் இருக்கிறது' என்று காரணம் காட்டுகிறோம். மனிதனுக்காக வாதிடும்போது அந்தக் காரணத்தைக் காட்டவே கூடாது. மூப்பெய்திய தொழிலாளியிடம் இன்னும் 60 வீத உழைப்பு மிஞ்சியிருப்பதனால் அன்று அவருக்கு வீடும் ஓய்வூதியமும் உரியன. மிச்சம் எதுவும் இல்லாதபோதும் உரியன. பொருளின் மதிப்பு பயனில் தொடங்கிப் பயனில் முடிகிறது. மனிதனைப் பயனால் அளக்கும் சமுதாயமே அவனைப் பொருளாக்கிவிடுகிறது. பொருளைத் திருத்துவது யாருக்காக என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது: தேய்ந்த கலம் தன்பொருட்டுப் பிழைக்கவேண்டியதில்லை, அதன் அருகில் படிக்கும் பிள்ளையின்பொருட்டுப் பிழைக்கவேண்டும். அப்பிள்ளைக்கு அதனால் தீங்கு நேருமாயின், திருத்துதல் என்ற அறம் தன் பொருளையே இழந்துவிடும்.

ஆகவே, நாம் முன்வைக்கும் நெறி இதுதான்: பொருள் கைமாறும்போது பொறுப்பும் உடன் செல்லவேண்டும். செய்த கம்பனியின் பொறுப்பு, வண்டி விற்ற நாளோடு முடிந்துவிடக்கூடாது; பற்றறியின் வரலாற்றையும் அளவுகளையும் திருத்துபவனுக்குத் திறந்துகாட்ட அது கடமைப்பட்டது. இந்தியா 2022இல் இயற்றிய பற்றறிக் கழிவு விதிகள், உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பாவித்த பற்றறிகளைச் சேகரிக்கவேண்டும் என்று பணித்தன. நம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் மின்சாரத் துறையிடமும் நாம் கேட்கவேண்டியது அதற்குக் குறையாத சட்டம். அதனோடு திருத்துமிடங்களுக்குத் தராதரமும், சோதனைக்குக் கருவியும், தொழிலாளிக்குப் பயிற்சியும். கைத்தொலைபேசி திருத்தும் இளைஞனின் கையில் திறமை இல்லாமலில்லை. அத்திறமைக்குச் சான்றும் பாதுகாப்பும்தான் இல்லை. தெல்தோட்டையிலிருந்து கலஹாப் பாதையில் இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. தோட்டத்துக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள தூரம் கட்டைகளால் அளக்கக்கூடிய தூரம் மட்டும் அன்று என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிவர். அத்தூரத்தைக் குறைக்க இதைவிட நல்ல வேலை எது?

லயனைப் பொறுத்தவரையில், பற்றறி காம்பராவுக்குள் வரவே கூடாது. லயனுக்கு வெளியே, கல்லால் கட்டிய காற்றோட்டமான தனிக் கொட்டிலில், குடும்பங்கள் கூட்டாக நடத்தும் நிலையமாக அது இருக்கவேண்டும். ஆபத்து பொதுவாக இருக்குமிடத்தில் முடிவும் பொதுவாக இருக்கவேண்டும். இது பொறியியலும் சொல்கிறது, ஜனநாயகமும் சொல்கிறது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்சாரம் மிகுந்துவிட்டது என்று கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிகுதி, இரவில் பற்றாக்குறை. இடையில் வேண்டியது சேமிப்பு மட்டுமே.

ஆனால், அந்தத் தகட்டை எந்தக் கூரையில் வைப்பது? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது. காணி உறுதியில்லாத பெருந்தொகையான குடும்பங்களுக்குத் தாம் வாழும் கூரையில் ஓர் ஆணி அடிக்கவும் மற்றவர் அனுமதி வேண்டும். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கேட்டு எழுந்த குரலுக்கு, 'இந்தா, பழைய பற்றறி' என்று பதில் சொல்ல எவரும் முற்படக்கூடாது. திருத்திய பற்றறி உரிமைக்குப் பதிலாக வருமாயின் அது ஏமாற்று; உரிமையோடு சேர்ந்து வருமாயின் அது செல்வம்.

தேயிலைக்கு முன் இம்மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதை அழித்தபின், பட்டுப்போன கோப்பி மரங்களை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்து, தேநீர் மேசைகளுக்குக் கால்களாக்கினார்கள் என்று தேயிலையின் வரலாற்றை எழுதியோர் குறித்திருக்கிறார்கள். செத்த மரத்துக்கும் ஒரு மறுபயன் கண்டுபிடிக்கத் தெரிந்த உலகம் அது. அம்மரங்களை நட்ட மனிதரைப் பற்றி அவ்வளவு அக்கறையோடு அது எண்ணிப்பார்க்கவில்லை. நாம் கட்டவிரும்பும் உலகம் தேய்ந்த கலத்தையும் வீணாக்காது. ஆனால், அதன் கணக்கில் முதல் வரி கலத்தைப் பற்றியதாக இராது. அந்த ஒளியில் யார் அமர்ந்திருக்கிறார்கள், அவர்கள் அச்சமின்றி உறங்கப் போகிறார்களா என்பதே முதல் வரியாக இருக்கும்.